பெயர் சொல்லாத நினைவூட்டல்

கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, அலமாரிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவேன். எங்கள் கிளை நூலகத்தின் அலமாரிகள் கொஞ்ச நாளாகப் பளிச்சென்று இருப்பதற்கு அதுதான் காரணம். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம், "எல்லாமே போன்ல வந்துடுச்சே, இன்னும் எதுக்கு மேடம் லைப்ரரி?" என்று கேட்பார்கள். கேட்டு முடித்த கையோடு அதே போனை என்னிடம் நீட்டி, "இந்த விண்ணப்பத்தை எப்படி அனுப்பறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பேன்.

அப்படிச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்துத்தான் எனக்கு உறைத்தது. ஜனங்கள் நூலகத்துக்கு வராமல் போகவில்லை. நாம் எதிர்பார்க்கிற காரியத்துக்காக வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக மூக்கால் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதா? வாசலுக்குப் பக்கத்தில் யாரும் சீண்டாத கலைக்களஞ்சிய வரிசையை உள்ளே நகர்த்திவிட்டு, அங்கே ஒரு நீள மேசை போட்டேன். நான்கைந்து பிளக் வைக்கச் சொன்னேன். 'போன் மேசை' என்று அதற்குப் பெயரும் ஆகிவிட்டது.

"லைப்ரரியை மூடிட்டுப் போன் கடை வெச்சுட்டியாமே?" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

"கடைன்னா லாபமாவது வரும். இங்க தலைவலிதான் வருது," என்றேன்.

ஆனால் நாற்காலிகள் நிரம்பின. போன் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போகும்போது ஒரு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

வெல்டர் அந்த மேசைக்குத்தான் முதலில் வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள். சட்டைக் கை முழுவதும் தீப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். இரண்டு தெரு தள்ளி, இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் வேலை. அங்கே முன்பெல்லாம் முதலாளி வாசலில் நின்று கத்துவார், எல்லாரும் வேலையைத் தொடங்குவார்கள். இப்போது முதலாளியின் மகன் தலையெடுத்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைப் போனில் எழுதி அனுப்பிவிடுகிறார்.

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன் மேடம். இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க," என்று வெல்டர் போனை நீட்டினார். படித்துச் சொன்னேன். அடுத்த முறை கண்ணாடி உடைந்துவிட்டது. அதற்கடுத்த முறை மகள் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு மனிதன் கண்ணாடியை இத்தனை தடவை தொலைத்தால் கண்ணாடிக் கடைக்காரன் மாடி வீடு கட்டியிருப்பான். கூட்டம் கலைந்த ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"அண்ணே, உங்ககிட்ட நிஜமாவே கண்ணாடி இருக்கா?"

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இல்லீங்க," என்றார். பிறகு, உடைப்பெடுத்த மாதிரி எல்லாம் வந்தது. அவருக்கு எழுத்தே தெரியாது. பட்டறைக்குள் இருக்கும்வரை, லேத் மெஷின் ஓட்டுகிற லேத்காரர் படித்துச் சொல்லிவிடுகிறார், 'பொடி எழுத்தா இருக்குப்பா, பார்த்துச் சொல்லு' என்று ஒப்பேற்றிக்கொள்ளலாம். ஆனால் வெளி வேலைக்குப் போகிறவன் அளவையும் படத்தையும் தானே போனில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன முதலாளி சொல்லிவிட்டார். முடியாதவர்கள் பட்டறையிலேயே இருந்து கம்பி தூக்கிக் கொடுக்கலாம்.

"நான் தொழில் சொல்லிக் குடுத்த பசங்க வெல்டிங் பத்த வெக்கறதுக்கு, நான் கம்பி தூக்கிக் குடுக்கணும் மேடம். அது என்னால முடியாது."

"எதுக்குத் தூக்கிக் குடுக்கணும்?" என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "நாளைக்குக் காலையில, நாங்க திறக்கறதுக்கு முன்னாடி வாங்க. பின்னால சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கு. யார் கண்ணுலயும் பட மாட்டீங்க."

பின்பக்கம் பைண்டிங் அறை. கிழிந்த புத்தகங்கள், பசை டப்பா, ஒரு பழைய அழுத்துக் கருவி. அவற்றை ஓரம் கட்டிவிட்டு நான்கு நாற்காலி போட்டேன். வெல்டர் தலையை ஈரமாக வாரிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற தோரணையில் வந்தார். ஒரு வாரம் போனதும், எதிர்ச் சாரியில் இஸ்திரி போடுகிற அக்கா சந்துக்குள் எட்டிப் பார்த்தார். 'சும்மா பார்க்கலாம்னு வந்தேன்' என்றவர் சும்மாவே தினமும் வந்தார். இரவு வேலை முடிந்து திரும்புகிற காவலாளி ஒருவரும் சேர்ந்துகொண்டார். ஒருவரை ஒருவர் வெளியில் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்லை என்று அவர்களாகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

'பெரியவர்களுக்கான எழுத்துப் பாடம், முதல் பகுதி' என்ற புத்தகம் எங்களிடம் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை வெல்டர் தன் உறுப்பினர் அட்டையில் எடுத்துக்கொண்டு போய், வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து படித்தார். இரண்டு மாதத்தில் சின்னச் சின்னச் சொற்களை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். ஒருநாள் வந்ததும் வராததுமாக, "வர்ற வழியில கடைப் பலகை ஒண்ணு படிச்சேன்," என்றார். என்ன கடை என்று கேட்டேன். "அதுக்குள்ள பஸ் மறைச்சுடுச்சு. பாதிதான் படிச்சேன். மீதியைச் சாயந்தரம் படிக்கணும்." நாங்கள் நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் பசை டப்பா கவிழ்ந்தது.

இப்போது என் நாத்தனாரைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தங்கை. தலைமை நூலகத்தில் கணினிப் பிரிவைப் பார்க்கிறவள். கெட்டிக்காரி, வாயாடி, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். புத்தகத் தவணை முடிந்தால் தானாகவே போனுக்கு நினைவூட்டல் போகிற ஏற்பாட்டை அவள்தான் செய்தாள். கிளை நூலகர்கள் கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினாள். 'தாங்கள் பெற்ற பொருளின் தவணை முடிந்தது' என்று இருந்தது.

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். "பொருளா? இது என்ன மளிகைக் கடையாம்மா?" என்றார் ஒருவர். புத்தகத்தின் பெயர் வேண்டும் என்றார் இன்னொருவர். பெயர் மட்டும் போதுமா, எந்தப் பகுதி என்று தெரிய வேண்டாமா? ஆசிரியர்? அலமாரி எண்? நூலகர்களுக்கு அப்படி ஒரு வியாதி. ஒரு புத்தகத்தைப் பாதிப் பெயரில் கூப்பிட்டால் எங்களுக்குப் பாதித் தூக்கம் போய்விடும்.

"அண்ணி, ரொம்ப நீளமாகுமே," என்று நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"ஆகட்டும். ஒழுங்கா இருக்கும்," என்றேன். யார் யாருக்குச் சம்மதம் என்று கேட்டபோது முதலில் உயர்ந்தது என் கைதான்.

ஏற்பாடு தொடங்கி நான்காம் நாள், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெல்டர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் அவருடைய மனைவி முன்வாசல் வழியாக வந்தார். துணிப்பையிலிருந்து 'எழுத்துப் பாடம்' புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். அட்டை போட்டு, ஒரு மடிப்புக்கூட இல்லாமல் வைத்திருந்தார்கள்.

"எடுத்துக்குங்க. இனிமே அவர் வர மாட்டார்."

"ஏங்க? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. மனுஷன்தான் நாலு நாளா வாய் திறக்கலை." அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் என்னை இன்னும் கலக்கியது. "போன்ல ஏதோ வந்திருக்கு. இவரு வேலைதான் வந்திருக்குன்னு நினைச்சு, எப்பவும் போல லேத்காரர்கிட்டக் குடுத்திருக்காரு. அவரு மெஷின் சத்தத்துக்கு மேல கத்திப் படிச்சிருக்காரு. பெரியவர்களுக்கான எழுத்துப் பாடம், முதல் பகுதி. பட்டறையே கேட்டிருக்கு."

நான் புத்தகத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"இவரு கண்ணுக்கு முன்னாடி பிடிச்சுக்குவாரே முகமூடி, அதுல சாக்பீஸால 'அ' எழுதி வெச்சிருக்காங்க. ஸ்லேட்டு கொண்டு வந்தியா அண்ணேன்னு தினமும் கேக்கறாங்களாம். சின்ன முதலாளிக்கும் தெரிஞ்சு போச்சு. இவரைக் கம்பி தூக்கறதுக்குப் போட்டாச்சு. நீங்க நல்லதுதான் நினைச்சிருப்பீங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா முப்பது வருஷமா அவரு மூடி வெச்சதை நீங்க ஒரு நிமிஷத்துல திறந்துட்டீங்க."

படிக்கத் தெரியாத மனிதருக்கு, அவர் படிக்கக் கற்றுக்கொள்கிற செய்தியை, படித்துத் தெரிந்துகொள்ளச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த இலாகாவுக்கும் இப்படி ஒரு தவறு செய்யத் தெரியாது. யார் என்ன புத்தகம் எடுக்கிறார்கள் என்று பெற்ற தாய் கேட்டாலும் சொல்ல மாட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் நாங்கள். வாயால் சொல்லவில்லை, உண்மைதான். ஊரில் உள்ள போனுக்கெல்லாம் ஒழுங்காக, பகுதி எண்ணோடு எழுதி அனுப்பினோம்.

"மன்னிச்சுக்குங்க," என்றேன். "நான் சரி பண்றேன்."

"என்னத்தைச் சரி பண்ணுவீங்க? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி எப்படியோ சந்து வரைக்கும் வந்துவிட்டது. இஸ்திரி அக்கா, வேலை ஜாஸ்தி என்று நின்றுகொண்டார். காவலாளி காரணம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் மூன்று அலமாரிகளை அடுக்கினேன். நான்காவதில் கை வைத்தபோது, அலமாரியை அடுக்கி என்ன கிழிக்கப் போகிறோம் என்று தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

"நீளமாகும்னு நான் அப்பவே சொன்னேனே அண்ணி? ஒழுங்கா இருக்கும்னு சொன்னது யாரு?"

"நான்தான். அதனாலதான் நானே கேக்கறேன். எடுத்துடு."

"நான் நினைச்சா ஒரு நிமிஷத்துல எடுத்துடுவேன். ஆனா கூட்டத்துல முடிவு பண்ணதைக் கூட்டத்துலதான் மாத்த முடியும். பெரியவர் ஒத்துக்கணும். அண்ணி சொன்னாங்கன்னு மாத்தினா என் வேலைக்கு உலை வெச்சுடுவாங்க."

பெரியவர் என்று அவள் சொன்னது தலைமை நூலகரை. மறுநாளே அவர் அறைக்குப் போனேன். ஒரே ஒரு பிரச்சினைக்காக எல்லாக் கிளைகளிலும் மாற்ற முடியாது என்றார். முறைப்படி புகார் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"அவர் எப்படிப் புகார் எழுதுவார் சார்? எழுதத் தெரிஞ்சா இந்தப் பிரச்சினையே இல்லையே."

"கூட்டத்துல பேசலாம்," என்றார், என்னை அனுப்பிவிடுவதற்காக.

நான் அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்ததோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. கூட்டத்தை முன்னதாகவே கூட்டினார்.

கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். 'பேர் இல்லாம நினைவூட்டினா எந்தப் புத்தகம்னு வாசகருக்குக் குழப்பமாகாதா? இருக்கற குழப்பம் போதாதா?' என்றார்கள். படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள் என்றார் ஒருவர். அவருக்கு நான் புள்ளிவிவரம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து நின்றேன்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். எல்லாரும் உங்க போனைப் பக்கத்துல இருக்கறவர்கிட்டக் குடுங்க. கடைசியா வந்த செய்தியை அவங்க சத்தமாப் படிக்கட்டும். இந்த அறைக்கு முழுக்கக் கேக்கற மாதிரி."

ஒருவரும் அசையவில்லை. மேசை மேல் கிடந்த போன்களின் மேல் கைகள் மட்டும் மெதுவாக வந்து மூடின. தலைமை நூலகரின் கை சட்டைப் பைக்குப் போனதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"நம்ம செய்தில அப்படி ஒண்ணும் கெட்டது இருக்காது," என்றேன். "பால் வாங்கிட்டு வான்னு இருக்கும். டாக்டர் வரச் சொன்ன நேரம் இருக்கும். ஆனாலும் குடுக்க மாட்டோம். அந்த மனுஷனுக்கு வேற வழி இல்லை, தினமும் குடுத்துத்தான் ஆகணும். அது நமக்குத் தோணவே இல்லை. வியாதியைப் பத்திப் படிக்கறவங்க இருக்காங்க, புருஷன் போன் நம்பரைக் குடுத்துட்டு விவாகரத்துச் சட்டம் படிக்கறவங்க இருக்காங்க. நாம பாட்டுக்குப் பகுதி எண்ணோட அனுப்பிட்டிருக்கோம். இன்னிக்கு மாத்தலைன்னா, நான் என் வாசகர்கள் வீட்டுக் கதவை ஒவ்வொண்ணாத் தட்டி, உங்க நம்பரை எங்ககிட்டக் குடுக்காதீங்கன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் என் வேலை என்ன ஆனாலும் சரி."

கை தூக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. "எடுத்துடும்மா," என்றார் தலைமை நூலகர், என் நாத்தனாரிடம். அவள் அங்கேயே, அவர் வாய் மூடுவதற்குள் எடுத்துவிட்டாள். அதோடு விடவில்லை. நினைவூட்டல் எழுத்தில் வேண்டுமா, குரலில் வேண்டுமா, வேண்டவே வேண்டாமா என்று ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளே சொல்லி அதையும் வாங்கிவிட்டாள். கணினிக் குரல் வேண்டாம், கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பு என்று நினைத்து எடுத்த வேகத்தில் வைத்துவிடுவார்கள் என்றேன். என் குரலையே பதிவு செய்தாள். முதல் நான்கு தடவையும், "அண்ணி, திட்டற மாதிரியே இருக்கு" என்று திரும்பப் பேசச் சொன்னாள். 'உங்கள் நூலகத்திலிருந்து பேசுகிறேன். வசதிப்படும்போது ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.' அவ்வளவுதான், புத்தகத்தின் பெயர் கிடையாது.

எல்லாம் சரி. ஆனால் வெல்டர்? அவர் கையில்தான் புத்தகமே இல்லையே, இந்த ஏற்பாடு அவரை எப்படிப் போய்ச் சேரும்? பட்டறைக்குப் போகலாம் என்று கிளம்பி, தெரு முனையிலிருந்து திரும்பிவிட்டேன். நான் அங்கே போய் நின்றால், டீச்சரே தேடி வந்துட்டாங்க என்று இன்னொரு முறை சிரிப்பார்கள். கடைசியில் நூலகத்து போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் கம்பி அறுக்கிற சத்தம் காதைப் பிளந்தது.

"அண்ணே, லைப்ரரிலேருந்து பேசறேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டா போதும். தப்பு எங்களோடது. எந்தப் புத்தகம் எடுத்தாலும் இனிமே பேர் வெளியே போகாது, மாத்தியாச்சு. காலையில பின்கதவு திறந்துதான் இருக்கும். நீங்க வந்தாலும் திறந்திருக்கும், வராட்டியும் திறந்திருக்கும்."

சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வைத்துவிட்டார்.

சொன்னபடி திறந்து வைத்தேன். தினமும் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, கிழிந்த புத்தகங்களுக்குப் பசை போட்டேன். ஒருநாள் ஒரு பூனை வந்தது. "வா, நீயாவது படி," என்றேன். அழுகைதான் வந்தது, பூனைக்கு எதிரில் அழுவதில் என்ன வெட்கம்?

அடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலம். கூட்டம் நெரிகிற நேரம். போன் மேசையில் இடம் இல்லை, பேப்பர் படிக்கிறவர்கள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இஸ்திரி அக்கா மூலையில் படப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். வகுப்பை விட்ட பிறகும் அவர் இப்படி வருவதுண்டு, என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. முன்வாசல் வழியாக வெல்டர் வந்தார். வேலை உடுப்போடு, நேராக என் மேசைக்கு.

"மேடம், அந்தப் புத்தகம் உள்ளே இருக்கா?"

பெயரைச் சொல்லாமல், "இருக்குண்ணே, எடுத்துட்டு வரேன். பின்னால போய் உக்காருங்க," என்றேன் மெதுவாக.

"பெரியவர்களுக்கான எழுத்துப் பாடம். முதல் பகுதி," என்றார் அவர், ஹால் முழுவதும் கேட்கிற மாதிரி. ஜன்னல் ஓரத்தில் இரண்டு பேப்பர்கள் தாழ்ந்தன. "இங்கேயே உக்காந்து படிக்கறதுக்கு."

"அண்ணே..."

"நீங்க போன் பண்ணப்ப லேத்காரன் பக்கத்துலதான் நின்னான். யாருன்னு கேட்டான். யாரோன்னு சொல்லியிருக்கலாம், அவனுக்குத் தெரியவா போகுது? லைப்ரரிதான், என்னைப் படிக்கக் கூப்பிடறாங்கன்னு சொன்னேன். அன்னிக்கு அவன் படிச்சதுக்குச் சிரிச்சாங்க. நானே சொன்னதுக்கு ஒருத்தனும் சிரிக்கலை மேடம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன? காலையில அரை மணி நேரம் ஒளிஞ்சு ஒளிஞ்சு படிச்சா நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் கம்பிதான் தூக்கணும். எனக்கு அவசரம். சாயந்தரமும் வரேன்."

புத்தகத்தைக் கொடுத்தேன். ஹாலின் நட்டநடு மேசையில் உட்கார்ந்து, விட்ட பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து, வாய்விட்டு எழுத்துக் கூட்டினார். மனதுக்குள் படிக்க அவருக்கு இன்னும் வராது. பேப்பர் படிக்கிறவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, கொஞ்சம் கண்டியுங்கள் என்கிற மாதிரி உதட்டில் விரல் வைத்தார்.

"அவர் படிக்கறார்," என்றேன். "இது படிக்கற இடம்தானே?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வெல்டர் ஒரு வரியை முடித்து, அடுத்த வரியில் தடுக்கி நின்றார். முதல் எழுத்தைச் சொன்னார், இரண்டாவதில் நின்றார், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"மேடம், இது என்ன? மா... ம..."

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், இஸ்திரி அக்கா பத்திரிகையை மூடிவிட்டு எழுந்தார். ஹால் மொத்தமும் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் வெல்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மஞ்சள்," என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அதே பக்கம்தான் நானும். மேல படிங்க."